மானியத்திலிருந்து ஊதியமா, ஊதியத்திலிருந்து மானியமா?

டிசம்பர் 7 கொடி நாள். அன்று பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் உண்டியல் சுற்றி வருகிறது. சட்டையில் ஒரு காகிதக் கொடி குத்தப்படுகிறது. 1949ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் இந்த வசூலும், பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழுள்ள ஒன்றிய சைனிக் வாரியம் வழங்கும் உதவிகளும் முன்னாள் படைவீரர்களின் நலனுக்குச் செல்கின்றன. புனேயை அடுத்த கிர்க்கியில் 1974இல் தொடங்கப்பட்ட முடக்குவாத மறுவாழ்வு மையமும், பஞ்சாபின் மொகாலியில் உள்ள அதே வகை மையமும் இவ்வாறு உதவி பெறுபவை. எல்லையில் குண்டு பாய்ந்தோ, மலைப்பாதையில் வாகனம் கவிழ்ந்தோ தண்டுவடம் சிதைந்து, உடலின் பாதி செயலற்றுப் போன வீரர்களுக்கு இத்தகைய இல்லங்களே வீடு.

இந்த இல்லங்களைப் பற்றிய பேச்சுகளில் வீரரின் தியாகம் வரும். நன்கொடையாளரின் பெருந்தன்மை வரும். அமைச்சரின் வருகை புகைப்படத்துடன் வரும். இரவு இரண்டு மணிக்கு அந்த வீரரைப் புரட்டிப் படுக்கவைப்பவர் யார், அவருக்கு என்ன ஊதியம், அதை யார் எந்தக் கணக்கில் முடிவு செய்தார்கள் என்பவை மட்டும் வருவதில்லை. தேசபக்தியின் பெயரால் ஆட்சி நடத்துவோர் இதைக் கேட்கமாட்டார்கள். நம் தொழிற்சங்க இயக்கமும் இதுவரை இதை உரக்கக் கேட்கவில்லை.

இந்த வேலையின் தன்மையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். தண்டுவடம் பாதிக்கப்பட்டவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இருக்காது. ஒரே பக்கமாகப் படுத்திருந்தால் தோல் அழுகத் தொடங்குவது அவருக்கே தெரியாது. ஆகவே இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உடலைத் திருப்ப வேண்டும். அவ்வாறு திருப்பும்போது முதுகையும் இடுப்பெலும்பையும் குதிகாலையும் கண்ணால் பார்த்து, தோல் சிவந்திருக்கிறதா என்று அறிய வேண்டும். சிவப்பைக் கவனித்தால் அது இரண்டு நாளில் ஆறும். கவனிக்கத் தவறினால் படுக்கைப் புண்ணாகி எலும்புவரை போகும், சில வேளைகளில் உயிரையே பறிக்கும். சிறுநீர்க் குழாயை மாற்றுவதிலும் தூய்மையாக வைப்பதிலும் ஏற்படும் சிறு கவனக்குறைவு சிறுநீரகத் தொற்றில் முடியும். மலம் கழிப்பதற்கு நாள்தோறும் ஒரு நேரம், ஒரு முறை உண்டு. அதற்குக் கைகொடுப்பவர் முகம் சுளித்தால் அந்த மனிதரின் அன்றைய நாள் முழுவதும் கசந்துபோகும். எழுபது எண்பது கிலோ எடையுள்ள ஆளைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுவதில் ஒரு நுட்பம் உண்டு. அதைக் கற்காதவரின் இடுப்பு சில ஆண்டுகளில் போய்விடும். கற்றவரின் இடுப்பும் சற்றுத் தாமதமாகப் போய்விடும்.

இதையெல்லாம் செய்பவருக்கு அரசு ஏடுகளில் 'திறனற்ற' தொழிலாளி என்று பெயர்.

இல்லங்களில் பெரும்பாலானவை அறக்கட்டளைகளாக நடப்பவை. தலைக்கு இவ்வளவு என்று ஆண்டு மானியமும், வெளியார் நன்கொடையும் சேர்ந்ததே வருவாய். உணவு, மருந்து, மின்சாரம், பழுதுபார்ப்பு எல்லாம் போக மிஞ்சுவதில்தான் ஊழியரின் சம்பளம் வருகிறது. அரிசி விலை ஏறினால் அரிசிக்கடைக்காரர் விலையைக் குறைக்கமாட்டார். மின்வாரியம் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யாது. விட்டுக்கொடுக்கக்கூடிய ஒரே கணக்கு ஆயாவின் கணக்குத்தான். மானியத்திலிருந்து ஊதியம் கணக்கிடப்படும் இந்த முறை தலைகீழாக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். முதலில் நியாய ஊதியத்தைத் தீர்மானியுங்கள். எத்தனை பேர் வேண்டும் என்று தீர்மானியுங்கள். அதைப் பெருக்கி வருவதை மானியமாகக் கொடுங்கள்.

அறக்கட்டளைகளை விடுவோம். அரசே நேரடியாக நடத்தும் இடத்தில் நிலைமை என்ன? 2003 ஏப்ரலில் தொடங்கப்பட்ட முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டத்தின்கீழ், இசிஎச்எஸ் என்று எல்லோரும் அழைக்கும் அந்தத் திட்டத்தின்கீழ், நாடு முழுவதும் நானூறுக்கும் மேற்பட்ட பாலிகிளினிக்குகள் உள்ளன. ஓய்வு பெறும் சிப்பாய் இதில் சேர 30,000 ரூபாய் பங்களிப்பாகச் செலுத்துகிறார். இங்குள்ள மருத்துவர் முதல் காவலாளி வரை பெரும்பாலும் அனைவரும் ஒப்பந்த ஊழியர்கள். பதினொரு மாதம் அல்லது ஓராண்டு என்ற கால அளவில் ஒப்பந்தம். முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்கள் குடும்பத்தினருக்கும் முன்னுரிமை உண்டு என்பதால், இன்று சக்கர நாற்காலியைத் தள்ளுபவர் நேற்றைய ஹவில்தாராகவோ ஒரு படைவீரரின் மனைவியாகவோ இருப்பது அரிதல்ல.

இந்தப் பாலிகிளினிக்குகளுக்கான ஆள் தேர்வு விளம்பரங்கள் 2020களின் தொடக்க ஆண்டுகளில் பெண் உதவியாளருக்கு மாதம் 16,800 ரூபாய் என்ற ஒரே தொகையை ஆண்டுக்காண்டு அச்சிட்டு வந்தன. துப்புரவுப் பணியாளருக்கும் காவலாளிக்கும் அதே தொகை. செவிலிய உதவியாளருக்கு 28,100. இது தொகுப்பூதியம், பஞ்சப்படி கிடையாது, ஆண்டு ஊதிய உயர்வும் கிடையாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த விளம்பரங்களில் துப்புரவுப் பணியிடத்தின் பெயர் இன்றும் 'சஃபாயிவாலா' என்றே இருக்கிறது. சாதி எந்த வாசல் வழியாக அரசு அலுவலகத்துக்குள் நுழைகிறது என்று ஆய்வு செய்வோர் வெகுதூரம் போக வேண்டியதில்லை.

இப்போது ராணுவ மருத்துவமனைக்கு வருவோம். அங்கே 'வார்டு சகாயிகா' என்ற நிரந்தரப் பணியிடம் உண்டு. நோயாளியைக் கழுவுவது, உடை மாற்றுவது, படுக்கை விரிப்பது, செவிலியருக்கு உதவுவது அவர் வேலை. ஏழாவது ஊதியக்குழுவின் முதல் நிலை ஊதியம் அவருக்கு உண்டு: அடிப்படை 18,000. 2021 ஜூலையில் 31 விழுக்காடாக இருந்த பஞ்சப்படி 2024 ஜனவரியில் 50 விழுக்காட்டை எட்டியபோது அவருக்கு வீட்டு வாடகைப்படி நீங்கலாக 27,000 ரூபாய் கிடைத்தது. அதே அமைச்சகம், அதே படைவீரர், ஏறத்தாழ அதே வேலை. 16,800க்கும் 27,000க்கும் இடையில் 10,200 ரூபாய். இந்த இடைவெளி ஒரே நாளில் தோன்றியதல்ல. ஒருவருக்கு ஜனவரியிலும் ஜூலையிலும் விலைவாசிக்கேற்பப் படி கூடியது. மற்றவரின் தொகை நின்ற இடத்தில் நின்றது. தொகையை எப்போதாவது ஓர் ஆணை மூலம் கூட்டினாலும், அது அடுத்த ஆணை வரும்வரை மீண்டும் உறைந்து கிடக்கும். எந்தத் தொகை என்பதைவிட, எந்த முறையில் தீர்மானிக்கப்படுகிறது என்பதே முதன்மையான கேள்வி.

ஒன்றிய அரசின் குறைந்தபட்ச ஊதியத்தை இதனருகே வைத்துப் பாருங்கள். 2024 அக்டோபர் 1 முதல் பெருநகரங்கள் அடங்கிய 'ஏ' பகுதியில் கூட்டித் துடைக்கும் வேலைக்கு, திறனற்ற தொழிலாளிக்கு, நாளொன்றுக்கு 783 ரூபாய். 26 நாளுக்கு 20,358. அதே அறிவிக்கையில் திறன்பெற்ற தொழிலாளிக்கு 954 ரூபாய், மாதம் 24,804. தன் ஒப்பந்தக்காரர்கள் மீறக்கூடாது என்று ஒன்றிய அரசு விதித்த எல்லைக்கும் கீழே, அதே அரசின் அமைச்சகம் தன் பெயரிலேயே ஆள் எடுத்து வந்திருக்கிறது.

திறன் என்ற சொல்லுக்கு இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. பெண் உதவியாளர் பணிக்கு எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும் என்கிறது அந்த விளம்பரம். அடுத்த வரியில், சிவில் அல்லது ராணுவ மருத்துவ நிறுவனத்தில் குறைந்தது ஐந்தாண்டு அனுபவம் வேண்டும் என்கிறது. ஐந்தாண்டு அனுபவம் தேவைப்படும் வேலை எப்படித் திறனற்ற வேலையாகும்? அனுபவம் வேண்டும்; அனுபவத்துக்கு விலை தரமாட்டோம் என்பதுதான் இதன் பொருள். பெண்கள் வீட்டில் காலங்காலமாக ஊதியமின்றிச் செய்த வேலை என்பதால் அதற்குத் திறன் தேவையில்லை, அது இயல்பாகவே வந்துவிடும் என்ற எண்ணம் நம் சமூகத்தில் ஆழப் படிந்திருக்கிறது. உழைப்புச் சக்தியின் மறுஉற்பத்தியைப் பற்றி வகுப்பெடுக்கும் நம்மிலும் பலர், நோயுற்ற தாயைப் பார்த்துக்கொள்ள வரும் பெண்ணுக்கு மாதக் கடைசியில் பேரம் பேசுகிறோம்.

செவிலியர்கள் இந்த எண்ணத்தைப் போராடி ஓரளவு உடைத்தார்கள். 2016இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் அமைக்கப்பட்ட குழு, தனியார் மருத்துவமனைச் செவிலியருக்கு எந்த நிலையிலும் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்றும், 200 படுக்கைகளுக்கு மேற்பட்ட மருத்துவமனைகள் மாநில அரசுச் செவிலியருக்கு இணையாகத் தர வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. கேரளத்தில் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2018இல் ஊதிய அறிவிக்கை வெளிவந்தது. ஆனால் செவிலியருக்கு ஓர் அளவுகோல் கிடைத்தபோது, அவருக்குப் பக்கத்தில் நின்று அதே நோயாளியைத் தூக்கிய உதவியாளருக்கு எதுவும் கிடைக்கவில்லை. படிப்புச் சான்றிதழ் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இடையில் விழுந்த இந்தக் கோடு சங்கங்களுக்குள்ளும் விழுந்திருக்கிறது என்பதை மறைத்துப் பயனில்லை.

நியாய ஊதியம் என்றால் எவ்வளவு? இதற்கு நாம் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 1957இல் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு வழிகாட்டியது: மூன்று நுகர்வு அலகுகள் கொண்ட குடும்பம், ஆளுக்கு 2,700 கலோரி உணவு, ஆண்டுக்கு 72 கஜம் துணி, வாடகை, எரிபொருள் உள்ளிட்டவற்றுக்கு 20 விழுக்காடு. 1991இல் ரெப்டகாஸ் பிரெட் வழக்கில் உச்ச நீதிமன்றம் கல்வி, மருத்துவம், முதுமை போன்றவற்றுக்காக மேலும் 25 விழுக்காட்டைச் சேர்த்தது. ஏழாவது ஊதியக்குழு 18,000 என்ற தொகைக்கு வந்ததும் இந்த வழியில்தான். அரசுப் பணியிலுள்ள தற்காலிக ஊழியர், நிரந்தர ஊழியரின் அதே வேலையைச் செய்தால் அந்த ஊதிய விகிதத்தின் குறைந்தபட்ச நிலையைப் பெற உரிமையுண்டு என்று 2016 அக்டோபரில் ஜக்ஜித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொடர்ச்சியான வேலைக்குத் தற்காலிகம் என்று பெயரிட்டு ஆண்டுக்கணக்கில் சுரண்டுவதை 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் மீண்டும் கண்டித்தது. அந்த வழக்கைத் தொடுத்தவர்கள் மத்திய நீர் ஆணையத்தில் துப்புரவும் தோட்ட வேலையும் செய்தவர்கள். ஆகவே இசிஎச்எஸ் உதவியாளரும் இல்லங்களின் ஆயாவும் வார்டு சகாயிகாவின் ஊதியத்தைக் கோருவது பேராசையன்று. சட்டத்தின் சொற்களிலேயே அந்தக் கோரிக்கை இருக்கிறது.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்ததாக அறிவிக்கப்பட்ட நான்கு தொழிலாளர் சட்டத்தொகுப்புகள் இதை எளிதாக்குமா? ஊதியச் சட்டத்தொகுப்பு எல்லா வேலைகளுக்கும் குறைந்தபட்ச ஊதியம் என்கிறது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் இடம்பெறாத பராமரிப்பு வேலைகள் இதனால் உள்ளே வரும் என்பது உண்மை. ஆனால் அது கொண்டுவரும் தேசிய அடித்தள ஊதியத்தைப் பற்றிய அனுபவம் நமக்கு இருக்கிறது. அரசே அமைத்த அனூப் சத்பதி குழு 2019 ஜனவரியில் நாளொன்றுக்கு 375 ரூபாய் என்று பரிந்துரைத்தது. அதே ஆண்டு ஒன்றிய அரசு அறிவித்தது 178 ரூபாய். முந்தைய தொகையைவிட இரண்டு ரூபாய் கூடுதல். இன்னொரு விந்தை. கடினமான வேலையைக் கணக்கில் எடுக்கலாம் என்று சட்டத்தொகுப்பு கூறும்போது, தாங்கமுடியாத வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் எடுத்துக்காட்டாகத் தருகிறது. இரவு முழுவதும் உயிருள்ள உடல்களைத் தூக்கித் திருப்புவது எழுதியவர்களின் நினைவுக்கு வரவில்லை.

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். கணக்கிட்டே பார்ப்போம். ஒரு வாரத்தில் 168 மணி நேரம். ஒருவர் 48 மணி நேரம் வேலை செய்தால், 24 மணி நேரமும் ஒரு ஆள் நிற்பதற்கு மூன்றரைப் பேர் வேண்டும்; விடுப்புகளைச் சேர்த்தால் நான்கு பேர். தலா 27,000 என்றால் மாதம் 1,08,000. அந்த ஓர் இடம் பத்துப் பேரைக் கவனிக்கிறது என்று கொண்டால், ஒரு வீரருக்கு மாதம் 10,800 ரூபாய். முதுகு முறிந்த ஒரு மனிதருக்கு இரவும் பகலும் மனிதக் கை கிடைப்பதற்கான விலை இது. இந்த விலையைக் கொடுக்க மனமில்லாத இடங்களில் என்ன செய்கிறார்கள் என்பது தனியார் ஏஜென்சிகளோடு பழகியவர்களுக்குத் தெரியும்: பன்னிரண்டு மணி நேர டியூட்டி, வார விடுப்பு இல்லை. 168ஐ 84ஆல் வகுத்தால் இரண்டு. நான்கு பேர் வேலையை இரண்டு பேரிடம் வாங்குகிறார்கள். இரவு இரண்டு மணிக்கு அந்தப் பெண் கண்ணயர்ந்தால் வீரருக்குப் படுக்கைப் புண், அவளுக்கு வேலைநீக்கம்.

இசிஎச்எஸ் திட்டத்துக்கு 2024-25 நிதிநிலை அறிக்கையில் 6,968 கோடி ரூபாயும், 2025-26இல் 8,317 கோடி ரூபாயும் ஒதுக்கப்பட்டன. இதில் பெரும்பகுதி பட்டியலிலுள்ள தனியார் மருத்துவமனைகளுக்குச் சிகிச்சைக் கட்டணமாகப் போகிறது. நிலுவை தாமதமானால் முன்னாள் வீரர்களைச் சேர்க்கமாட்டோம் என்று அம்மருத்துவமனைகள் எச்சரிக்கின்றன. அவற்றின் குரல் அமைச்சகத்துக்கு எட்டுகிறது. ஒன்றிய அரசின் சுகாதாரத் திட்டமான சிஜிஎச்எஸ் கட்டணங்கள் 2025 அக்டோபரில் திருத்தப்பட்டன. இசிஎச்எஸ் அதே கட்டண வரிசையைப் பின்பற்றுவது. மருத்துவமனை முதலாளிக்குக் கட்டணத் திருத்தம் உண்டு, உதவியாளருக்கு ஊதியத் திருத்தம் இல்லை என்றால், பற்றாக்குறை பணத்தில் இல்லை.

இயக்கத்துக்குள் எழும் ஒரு தயக்கத்தையும் பேச வேண்டும். ராணுவம் தொடர்பான விஷயத்தில் நாம் ஏன் நுழைய வேண்டும், தேசியவெறியைத் தூண்டுவோரின் மேடையில் நாமும் ஏறியதாகாதா என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். இந்திய ராணுவத்தின் சிப்பாய் பெரும்பாலும் சிறு விவசாயியின் மகன். ஒரே பதவி ஒரே ஓய்வூதியத்துக்காக 2015இல் ஜந்தர் மந்தரில் அமர்ந்தவர்கள் அவர்கள்தான். 2022 ஜூனில் அக்னிபாத் திட்டத்தைக் கொண்டுவந்து, நான்கு ஆண்டு முடிந்ததும் நான்கில் மூன்று பேரை ஓய்வூதியமின்றி, முன்னாள் படைவீரர் என்ற தகுதியுமின்றி, இசிஎச்எஸ் வசதியுமின்றி வீட்டுக்கு அனுப்பும் முறையை உருவாக்கியது இதே அரசு. படுக்கையில் கிடப்பவரைப் பராமரிப்பவளை முதலில் ஒப்பந்தத்துக்கு மாற்றினார்கள். பிறகு படுக்கையில் கிடக்கப்போகிறவரையே ஒப்பந்தத்துக்கு மாற்றினார்கள். இருவரின் நலனும் மோதுகிறது என்று காட்டத்தான் நிர்வாகங்கள் முயலும். ஊதியத்தைக் கூட்டினால் வீரருக்கான மருந்து குறையும் என்று சொல்வார்கள். மானியத் தொகை மாறாது என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டால்தான் அந்த வாதம் நிற்கும். நாம் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்?

வேலை செய்வதற்கான களம் கண்ணெதிரே இருக்கிறது. மறுவாழ்வு மையம் இருக்கும் அதே கிர்க்கியில்தான் அகில இந்தியப் பாதுகாப்புத் துறை ஊழியர் சம்மேளனத்தின் தலைமையகமும் இருக்கிறது. 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலைகள் ஏழு நிறுவனங்களாகக் கூறுபோடப்பட்டதை எதிர்த்து நின்ற சங்கம் அது. ராணுவ மருத்துவமனைகளின் வார்டு சகாயிகாக்கள் நிரந்தரப் பாதுகாப்புத் துறைச் சிவில் ஊழியர்கள் என்பதால், அவர்களை அறிந்த சங்கங்களே ஒப்பிட்டுக் காட்டும் ஊதியக் கணக்கை உறுதியாகத் தயாரிக்க முடியும். நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமையிலான எட்டாவது ஊதியக்குழுவின் வரம்பில் தொகுப்பூதிய ஊழியர் இல்லை. அதனாலேயே, முதல் நிலை ஊதியத்துக்குக் குழு எந்தத் தொகையைப் பரிந்துரைத்தாலும் அது அதே நாளில் ஒப்பந்தப் பராமரிப்பு ஊழியருக்கும், அரசு மானியம் பெறும் இல்லங்களின் ஊழியருக்கும் பஞ்சப்படியோடு பொருந்த வேண்டும் என்ற கோரிக்கையைச் சங்கங்கள் இப்போதே வைக்க வேண்டும். முன்னாள் படைவீரர் அமைப்புகளையும் இதில் கையெழுத்திட அழைக்கலாம். தம்மைத் தூக்கி உட்காரவைப்பவர் எவ்வளவு வாங்குகிறார் என்று அறியும்போது அவர்களில் பலர் அதிர்ச்சி அடைவார்கள்; மறுக்கமாட்டார்கள்.

டெல்லி, புனே, அம்பாலா, லக்னோ, செகந்திராபாத் போன்ற கண்டோன்மெண்ட் நகரங்களில் உள்ள தோழர்கள் முதற்கட்டமாகச் செய்யக்கூடிய எளிய வேலை ஒன்று உண்டு. அருகிலுள்ள பாலிகிளினிக்கிலும் இல்லத்திலும் பணியாற்றும் உதவியாளர்கள், துப்புரவுப் பணியாளர்கள் ஆகியோரிடம் அவர்களுடைய ஒப்பந்தக் கடிதத்தின் நகல் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்துப் பெறுங்கள். தொகை, பணி நேரம், வைப்புநிதிப் பிடித்தம், எத்தனை முறை ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது என்ற நான்கு விவரமும் ஒரு தாளில் ஏறினால், ஜக்ஜித் சிங் தீர்ப்பின் அடிப்படையில் முதல் மனுவைத் தொழிலாளர் ஆணையரிடமோ நிர்வாகத் தீர்ப்பாயத்திலோ கொடுப்பதற்கு வழக்கறிஞருக்கு வேறெதுவும் தேவைப்படாது.